பன்னிரண்டாம் மாத விருந்தாளி

தெருமுனை இஸ்திரிக் கடையில் கிளம்பிய பேச்சு இது. கார்பன் அக்காவின் வீட்டை, முன்பு மாடியில் குடியிருந்தவன் எழுதி வாங்கப் பார்க்கிறானாம். "இல்லேன்னா வாரத்துக்கு ஒரு பதிவுத் தபால் எதுக்கு வருது?" என்று இஸ்திரிக்காரர் கேட்டார். சூடான பெட்டியை அழுத்திக்கொண்டே கேட்டதால் கேள்விக்கு ஒரு நீதிமன்றக் கனம் வந்துவிட்டது. மறுநாள் மருந்துக் கடையில் அது "எழுதி வாங்கிட்டானாம்" என்று ஆனது. அதற்கடுத்த நாள் முடிதிருத்தும் கடையில் அக்காவுக்குக் கை விழுந்துவிட்டது என்றும், ஆள் வந்து பெருவிரலை உருட்டிக்கொண்டு போனான் என்றும் சேர்ந்துகொண்டது. மேற்கொண்டு விட்டிருந்தால் வார இறுதிக்குள் அக்காவை அடக்கமே செய்திருப்பார்கள்.

விசாரித்துப் பார்த்ததில் பதிவுத் தபால் வந்தது உண்மை. தபால்காரரே விரல் விட்டு எண்ணிச் சொன்னார்: ஐந்து. ஆனால் அவர் சொன்ன இன்னொரு விவரத்தை யாரும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அக்கா அனுப்பிய பதிவுத் தபால்கள் ஏழு. கை நன்றாகவே இருந்தது. ஆட்டத்தில் இரண்டு தபால் முன்னிலையும் அக்காதான்.

அக்காவுக்கு அறுபத்திரண்டு வயது. குடிநீர் வாரியத்தின் புகார்ப் பிரிவில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தார். தண்ணீர் வரவில்லை என்று வருகிறவர்கள் எவ்வளவு கத்தினாலும் "எழுத்துல குடுங்க" என்பார். கொடுத்தால் பேரேட்டில் ஏற்றி எண் போட்டு, கார்பன் தாளில் நகல் எடுத்துக் கையில் தருவார். தண்ணீர் வந்ததோ இல்லையோ, நகல் வந்துவிடும். அதனால்தான் அந்தப் பெயர். ஓய்வு பெற்ற பிறகும் பழக்கம் விடவில்லை. "நாளை முதல் ஒரு வாரம் பேப்பர் வேண்டாம்" என்று பேப்பர்காரருக்கு எழுதி வைக்கும் சீட்டுக்கும் அடியில் கார்பன் இருக்கும்.

அக்காவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. பழைய அலுவலகத்தார் இதற்கு ஒரு கதை சொல்கிறார்கள். இருபத்தேழு வயதில், பில் பிரிவில் இருந்த ஒருவர் நடைவழியில் நின்று என்னவோ கேட்டாராம். அக்கா வழக்கம்போல "எழுத்துல குடுங்க" என்றாராம். அவர் நன்றாக யோசித்து, வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டாராம். உண்மையா என்று சரிபார்க்க வழியில்லை. அக்காவின் வாழ்க்கையில் இதற்கு மட்டும் நகல் இல்லை.

வீடு அப்பா கட்டியது. கீழே அக்கா. மாடியில் ஓர் அறை, ஒரு சமையல் மேடை, ஒரு குளியலறை, வெளியே இரும்புப் படிக்கட்டு. அம்மா காலமான பிறகு மாடியை வாடகைக்கு விடலாம் என்று முடிவானபோது, வேறு ஊரில் இருக்கும் தம்பிக்காரர் தொலைபேசியில் எச்சரித்தார். வீட்டில் பாதி தன்னுடையது என்பதை ஞாயிற்றுக்கிழமைதோறும் சொல்லாமல் சொல்கிறவர் அவர்.

"பதினோரு மாசத்துக்கு மேல ஒப்பந்தம் போடாதக்கா. பன்னெண்டு மாசம் முழுசா இருந்தான்னு வை, வீட்டு மேல உரிமை வந்துடும். அப்புறம் நீ மாடி ஏற அவன்கிட்ட அனுமதி கேக்கணும்."

அக்கா அதை அப்படியே குறித்து வைத்துக்கொண்டார்.

குடிவந்தவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். முப்பது வயது, ஒல்லி, பேச்சு குறைவு. விரல் நகங்களில் கிரீஸ் கறுப்பு. பதினோரு மாதம் சத்தமில்லாமல் போயிற்று. கடைசி நாள் மாலை அக்கா இரும்புப் படி ஏறிப் போய், காலி செய்யச் சொல்லும் கடிதத்தை நீட்டினார்.

"ஒரு மாசம் விட்டு, அதுக்கடுத்த ஒண்ணாம் தேதி புது ஒப்பந்தம் போட்டுத் திரும்ப வரலாம், தம்பி. நடுவுல ஒரு மாசம் வாடகைக்காரரா இருக்கக் கூடாது."

லிஃப்ட்காரர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். "ஒரு மாசத்துக்கு நான் எங்கக்கா போவேன்? கட்டிலைத் தலையில வச்சுக்கிட்டு நிக்கவா?"

அக்கா படி இறங்கிவிட்டார். இரவெல்லாம் யோசித்திருக்க வேண்டும். காலையில் மாடிக் கதவின் அடியில் இன்னொரு கடிதம் கிடந்தது:

"வாடகைதாரர் என்ற முறையில் தங்கள் குடியிருப்பு நேற்றோடு முடிவுற்றது. இம்மாதம் முழுதும் தாங்கள் என் விருந்தாளியாக மாடியில் தங்கலாம். விருந்தாளியிடம் வாடகை பெறுவது முறையல்ல. விருந்தாளி தனியே சமைத்துக்கொள்வதும் முறையல்ல. இரவு உணவு எட்டு மணிக்கு."

அன்று எட்டு மணிக்கு அவர் தலை வாரி, சட்டை மாற்றி, முன்வாசல் வழியாக வந்து மணி அடித்தார். விருந்தாளி அல்லவா.

அந்த வீட்டில் சாப்பாட்டு மேசை என்று ஒன்று இருந்தது. அதன் மேல் அதுவரை கோப்புகள்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தன. அக்கா அவற்றைத் தூக்கிக் கட்டிலுக்கு மாற்றினார். முதல் வாரம் இருவரும் கரண்டிச் சத்தத்தோடு சாப்பிட்டார்கள். இரண்டாவது வாரம் லிஃப்ட்காரர் வாய் திறந்தார். மாடிகளுக்கு நடுவே லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் கதவுக்கு உள்ளிருந்து என்னவெல்லாம் பேசுவார்கள் என்று சொன்னார். பெரிய மேனேஜர் ஒருவர் "அம்மா" என்று அழுதது, அவ்வளவு நேரமும் சண்டை போட்டுக்கொண்டிருந்த கணவனும் மனைவியும் கதவு திறந்ததும் வேறு வேறு டாக்சியில் போனது. அக்கா சிரித்தார். சிரித்துவிட்டு, சத்தம் தன்னுடையதுதானா என்று பார்ப்பதுபோல ஒரு கணம் நின்றார்.

மாதம் முடிந்தது. புது ஒப்பந்தத்தில் கையெழுத்தாயிற்று. மாடி அடுப்பு மறுபடி எரிந்தது. பிறகு பதினோரு மாதம், ஒன்றாம் தேதி வாடகை, ஒன்றாம் தேதி ரசீது.

"சரியா இருக்கா பாருங்க."

"இருக்குக்கா."

அவ்வளவுதான் பேச்சு. மற்ற நாட்களில் தலைக்கு மேலே நடக்கும் செருப்புச் சத்தம்தான் துணை. ஒப்பந்தத்தில் இருக்கும் ஆளைச் சும்மா சாப்பிடக் கூப்பிடலாமே என்று நமக்குத் தோன்றும். அக்காவுக்குத் தோன்றவில்லை. வாடகைக்காரர் வாடகைக்காரர், விருந்தாளி விருந்தாளி. ஆனால் பத்தாம் மாதத்திலேயே, எந்த நாளுக்கு என்ன சமைக்கலாம் என்று பட்டியல் போட ஆரம்பித்துவிடுவார். நகலோடு.

இப்படி ஆறு வருடத்தில் ஆறு விருந்து மாதம். ஆறாவது விருந்தாளி மாதத்தில் லிஃப்ட்காரர் கல்யாணம் நிச்சயமாகிக் கிளம்பினார். வாடகைக்காரர் என்றால் ஒரு மாதம் முன்னதாக எழுதித் தர வேண்டும். விருந்தாளிக்கு அந்த விதி கிடையாது. அக்காவால் ஆட்சேபம் சொல்ல முடியவில்லை.

அதன் பிறகு பதினான்கு மாதம் மாடி பூட்டிக் கிடந்தது. வீட்டுத் தரகர் ஒன்பது பேரை அழைத்து வந்தார். அக்கா எல்லாரிடமும் ஒரே கேள்வி கேட்டார்: "ராத்திரி எட்டு மணிக்கு வீட்ல இருப்பீங்களா?" சிறைவாசம் என்று நினைத்து ஒன்பது பேரும் ஓடிவிட்டார்கள்.

"வாடகைக்கு ஆள் கூட்டிட்டு வாங்கன்னு சொல்லிட்டு, நீங்க சம்பந்தம் பேசற மாதிரி விசாரிக்கிறீங்களேக்கா" என்று தரகர் கும்பிட்டு விடைபெற்றார்.

இந்த நிலையில்தான் லிஃப்ட்காரர் தொலைபேசியில் கூப்பிட்டார். வாடகை ஒப்பந்தங்கள், ரசீதுகள், குடியிருந்ததற்கு ஒரு உறுதிக் கடிதம், எல்லாம் வேண்டுமாம். குரலைக் கேட்ட அக்காவுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அதனால் தெரிந்ததைச் சொன்னார்.

"எழுத்துல குடுங்க, தம்பி."

முதல் பதிவுத் தபால் அப்படித்தான் வந்தது. அதில் அவர் எழுதியிருந்தது இது: நகராட்சி கட்டிய புது வீடுகளைக் குலுக்கலில் கொடுக்கிறார்கள். கடைசி ஐந்து வருடம் இடைவெளி இல்லாமல் நகரத்தில் குடியிருந்தவர் மட்டுமே விண்ணப்பிக்கலாம். இப்போது மாமனார் வீட்டு முன்னறையில், ஒரு துணி அலமாரியைக் குறுக்கே நிறுத்தி, அதற்குப் பின்னால் நானும் மனைவியும் இருக்கிறோம். மாமனார் இருமினால் நாங்கள் விழிக்கிறோம். நாங்கள் பேசினால் அவர் இருமுகிறார். தயவு செய்யவும்.

அக்கா மூன்று நாள் உட்கார்ந்து ஒப்பந்தங்களையும் ரசீதுகளையும் வரிசைப்படுத்தி, பக்க எண் போட்டு, முகப்புக் கடிதத்தோடு அனுப்பினார். அந்த மூன்று நாளும் நன்றாகச் சாப்பிட்டார்.

நகராட்சி அலுவலகம் அதைத் திருப்பி அனுப்பியது. ஐந்து வருடக் கணக்கில் நான்கு மாதங்களுக்கு ஒப்பந்தமும் இல்லை, ரசீதும் இல்லை. அந்த நான்கு மாதமும் விண்ணப்பதாரர் எங்கே வசித்தார்?

அந்த மாதங்களுக்கும் வாடகை ரசீது தரும்படி லிஃப்ட்காரர் எழுதினார். வாங்காத வாடகைக்கு ரசீது தர இயலாது என்று அக்கா எழுதினார். வேறு என்ன வழி என்று அவர் எழுதினார். விருந்தாளியாக இருந்தார் என்று சான்று தருகிறேன் என்று அக்கா எழுதி, சான்றையும் இணைத்தார். அதை எடுத்துக்கொண்டு போன லிஃப்ட்காரரிடம் அங்கிருந்த எழுத்தர் விண்ணப்பப் படிவத்தைத் திருப்பிக் காட்டினாராம். "சொந்த வீடுன்னு ஒரு கட்டம் இருக்கு. வாடகை வீடுன்னு ஒரு கட்டம் இருக்கு. விருந்தாளிக்குக் கட்டம் இல்லீங்க. நாலு மாசம் விருந்து சாப்பிட்டவருக்கு எதுக்கு இலவசமா வீடு வேற?"

ஐந்தாவது தபால் சுருக்கமாக இருந்தது. "சனிக்கிழமை மதியம் ஒரு மணியோடு கெடு முடிகிறது. அடுத்த குலுக்கல் ஆறு வருடம் கழித்து. நான்கு மாத வாடகையையும் இப்போது கட்டிவிடுகிறேன். வாங்கிக்கொண்டு ரசீது கொடுங்கள் அக்கா."

ஞாயிற்றுக்கிழமை தம்பிக்காரரிடம் அக்கா இதைச் சொன்னார்.

"ஒரு கையெழுத்தும் போடாத! நாலு மாசத்துக்கு நீ ரசீது குடுத்தா பன்னெண்டு மாசம் முழுசா இருந்த மாதிரி ஆயிடும். நாலு வருஷம் தொடர்ச்சியா! வீடு போச்சு. நான் வேண்டாம்னு சொல்றேன், முடிஞ்சுது."

"எழுத்துல குடு" என்று அக்கா வைத்துவிட்டார்.

வீடு போய்விடும் என்ற பயம் அக்காவுக்கு இல்லாமல் இல்லை. ஆனால் அந்த வாரம் தூக்கம் கெட்டது அதனால் அல்ல. வாடகை வாங்கிவிட்டால் அந்த மாதங்கள் என்ன ஆகும்? மேசையைத் துடைத்து, இரண்டு தட்டு வைத்து, வாசல் மணிக்காகக் காத்திருந்ததெல்லாம் ஒரு ரசீதுக்குள் போய்விடும். வாடகைக்காரர் கீழே வந்து சாப்பிட்டுவிட்டுப் போனார் என்று ஆகிவிடும். மறுத்தாலோ, அந்த மனிதர் இன்னும் ஆறு வருடம் அலமாரிக்குப் பின்னால் கிடக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை பத்திர எழுத்தரிடம் போனார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவர் எல்லாக் காகிதங்களையும் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். பிறகு மறுபடி காகிதங்களைப் பார்த்தார்.

"நிஜமாவே ஒரு மாசம் விட்டீங்களா?"

"பின்னே? பதினோரு மாசம்தானே ஒப்பந்தம்."

"அய்யோ அக்கா! பதினோரு மாசம் முடிஞ்சா மறுநாளே அடுத்த ஒப்பந்தம் போட்டுக்க வேண்டியதுதானே. ஊரே அப்படித்தான் செய்யுது. முப்பது வருஷமா பத்திரம் எழுதறேன், நடுவுல ஒரு மாசம் சோறு போட்டு உக்கார வச்ச ஆளை இன்னைக்குத்தான் பாக்கறேன்." சிரிப்பு நின்றதும் அவரே சொன்னார்: "இப்ப பணம் வாங்கிட்டு இன்னைக்குத் தேதி போட்டு ரசீது குடுங்க. பாக்கி வாடகை பெற்றுக்கொண்டேன்னு எழுதினா செல்லும். பொய்யும் இல்ல. மாடியில இருந்தாரு, வாடகை குடுத்தாரு. வீடெல்லாம் எங்கேயும் போகாது. அந்த விருந்தாளிக் கடிதங்களை மட்டும் அவர்கிட்டேருந்து திருப்பி வாங்கிடுங்க. ரெண்டும் வெளியில இருந்தா முட்டிக்கும்."

ஆறு மாத வாடகை நஷ்டம் என்று வேறு யாராக இருந்தாலும் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள். அக்கா நடந்தே வீட்டுக்கு வந்தார். வழியில் ஒரு கடையில் கார்பன் தாள் வாங்கினார்.

சனிக்கிழமை பத்து மணிக்கு லிஃப்ட்காரர் வந்தார். கொஞ்சம் சதை பிடித்திருந்தார்.

"இளைச்சுட்டீங்களேக்கா."

"ஒரு ஆளுக்குச் சமைச்சா அப்படித்தான். உக்காருங்க."

அவர் பண உறையை மேசை மேல் வைத்தார். அக்கா ரசீதுப் புத்தகத்தைத் திறந்தார், ஆனால் எழுதவில்லை.

"நடுவுல ஒரு மாசம் விடவே வேண்டாமாமே. பத்திரக்காரர் சொன்னாரு. உங்களுக்குத் தெரியுமா தம்பி?"

அவர் கழுத்தை நிமிர்த்தி விட்டத்தைப் பார்த்தார். பழுது எங்கே என்று தேடுகிறவர் பார்வை.

"தெரியும்."

"எப்போலேருந்து?"

"முதல் வருஷமே. ஒரு வக்கீல் நாலாவது மாடிக்கும் அஞ்சாவது மாடிக்கும் நடுவுல மாட்டிக்கிட்டாரு. பயப்படாம இருக்கட்டும்னு பேச்சுக் குடுத்தேன். அப்ப கேட்டேன்."

"சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கலாம்."

"ஏன் சொல்லல?"

"ஒரு மாச வாடகை மிச்சமாச்சேக்கா. அப்ப என் சம்பளம் என்னன்னு உங்களுக்குத் தெரியாதா?"

அக்கா தலையை ஆட்டினார். இன்னொரு வாக்கியம் வரும் என்று காத்திருந்த மாதிரி இருந்தது. லிஃப்ட்காரரிடமும் ஒன்று இருந்திருக்கலாம். ஆனால் கண் கடிகாரத்துக்குப் போயிற்று.

"மிச்சம் பிடிச்சதை எல்லாம் இப்ப ஒண்ணா கறந்துட்டீங்க" என்றார் சிரித்துக்கொண்டு.

"ஆறு பிடிச்சீங்க. நாலுதான் கறந்திருக்கேன்."

"சாப்பிட்டதுக்கு என்ன கணக்கு? வாடகைக்காரன் ஆயிட்டேன்னா அது ஓசிச் சாப்பாடு ஆயிடுமே."

"அதுக்கெல்லாம் ரசீதுப் புஸ்தகம் கிடையாது."

அக்கா எழுதினார். முதல் ரசீது, பம்பு கெட்டுப்போய் இருவரும் வாளி சுமந்த மாதம். இரண்டாவது, அவர் காய்ச்சலில் கிடக்க, அக்கா இரும்புப் படியில் தட்டோடு ஏறி இறங்கிய மாதம். மூன்றாவது மாதத்தில் விசேஷமாக ஒன்றும் நடக்கவில்லை. முப்பத்தொரு நாளும் சாப்பிட்டார்கள், அவ்வளவுதான். அந்த ரசீதுக்குத்தான் அதிக நேரம் ஆயிற்று. நான்காவதையும் எழுதி, அழுத்திக் கையெழுத்துப் போட்டுக் கிழித்துக் கொடுத்தார். உறுதிக் கடிதத்தையும் கொடுத்தார்.

"அந்தக் கடிதங்கள்?"

லிஃப்ட்காரர் பையிலிருந்து எடுத்தார். கருவிப் பெட்டியில் வைத்திருந்திருக்க வேண்டும், மடிப்பெல்லாம் கிரீஸ். நான்கு இருந்தன.

"ஆறு எழுதினேனே."

"மீதி ரெண்டும் அஞ்சு வருஷக் கணக்குக்கு முந்தினது. ஆபீசுக்கு அதால ஒரு குழப்பமும் இல்ல" என்று அவர் எழுந்தார். பையின் வாயை இறுக்கி மூடிக்கொண்டார்.

"சாப்பிட்டுட்டுப் போலாமே. ஆயிடுச்சு."

"ஒரு மணிக்கு மூடிடுவாங்கக்கா. வரிசை வேற இருக்கும்."

அவர் போனதும் அக்கா நான்கு கடிதங்களின் குறுக்கேயும் "ரத்து" என்று எழுதினார். அலமாரியில் இருந்த அவற்றின் நகல்களை எடுத்துப் பார்த்தார். நகலுக்கு ரத்து எழுதும் வழக்கம் குடிநீர் வாரியத்தில் இருந்ததில்லை. அப்படியே வைத்துவிட்டார்.

பிறகு இரண்டு பேருக்குச் சமைத்ததை ஒருவராகச் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் அது மனதில் தட்டியது. லிஃப்ட்காரர் கடைசியாகக் கிளம்பிப் போனது ஆறாவது விருந்தாளி மாதத்தின் இருபதாம் தேதி. விருந்தாளியாக இருந்தவரை அது அவர் இஷ்டம். வாடகைக்காரர் என்று இப்போது ஆகிவிட்டாரே? முப்பத்தொரு நாள் வாடகை வாங்கியாயிற்று. இருந்தது இருபது நாள். பதினோரு நாள் வாடகை அக்காவிடம் அதிகமாக நிற்கிறது.

கையைக் கழுவிவிட்டு வந்து கணக்குப் போட்டார். பணத்தை உறையில் போட்டு, மேலே விவரம் எழுதி ஒட்டினார். திங்கட்கிழமை எட்டாவது பதிவுத் தபால் போயிற்று: "தங்களுக்குச் சேர வேண்டிய பதினோரு நாள் வாடகையை நேரில் வந்து கையெழுத்திட்டுப் பெற்றுக்கொள்ளவும்."

இரண்டு மாதம் கழித்து ஒரு கார்டு வந்தது. குலுக்கலில் வீடு கிடைத்துவிட்டது, மூன்றாவது மாடி, லிஃப்ட் அடிக்கடி நிற்கிறது, அந்தப் பணத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் அக்கா.

அப்படி வைத்துக்கொள்ள இடமில்லை என்று அக்கா ஒன்பதாவது தபால் எழுதினார். பத்தாவதை அனுப்பப் போனபோது தபால் நிலைய எழுத்தர், மனசு கேட்காமல், ஒரு யோசனை சொன்னார்.

"மணியார்டர் பண்ணிடலாமே அம்மா. ரெண்டு நாள்ல போயிடும்."

"கையெழுத்து வேணும்."

"மணியார்டர்லயும் கையெழுத்து வாங்குவோமே."

"உங்க ஆளு முன்னாடி அவர் போடற கையெழுத்து எனக்கு எதுக்கு?" என்றார் அக்கா.

எழுத்தர் முத்திரையைக் குத்தினார். இன்றைய தேதி வரை லிஃப்ட்காரர் வரவில்லை. பதினோரு நாள் வாடகை உறையில் அப்படியே இருக்கிறது.